ஷா எழுத்தில் ஒரு சிங்கக் கதை: 1962 பெங்குவின் பதிப்பு வாங்கலாமா?

பெர்னார்ட் ஷாவின் ‘ஆண்ட்ரோக்ளிஸ் அண்ட் தி லயன்’ நாடகத்துக்குப் பதிப்புகள் பல உண்டு. 1962-ல் பெங்குவின் வெளியிட்டது மட்டும் தனி ரகம். விரித்தால் ஒரு பக்கத்தில் வழக்கமான ஆங்கிலம். எதிர்ப்பக்கத்தில் அதே வசனம், வளைவும் கொக்கியுமாக, எங்கும் பார்த்திராத எழுத்தில். ஆங்கிலத்தை ஒலிக்கிறபடியே எழுதுவதற்கென்று புதிதாக உருவாக்கிய இதற்கு ஷா எழுத்து என்றும் ஷேவியன் என்றும் பெயர். ஷா விட்டுச்சென்ற பணத்தில் இந்த எழுத்தில் அச்சான நாடகம் இது ஒன்றுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஷேவியனைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல புத்தகம் வேண்டியதில்லை. எழுதப் பழகுவதற்கு இது பாதி தூரம்தான் வரும். ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிறவர் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல அகராதி வாங்கலாம். ஒலியெழுத்து என்றால் என்ன, அது எங்கே உதவும், எங்கே காலை வாரிவிடும் என்று கையில் வைத்துப் பார்க்க நினைப்பவருக்கு, முந்நூறு நானூறு ஆண்டு ஆங்கில எழுத்துச் சீர்திருத்தப் பேச்சு முழுவதும் இந்தச் சின்ன புத்தகத்துக்குள் இருக்கிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நாடகத்தின் இரட்டைப் பாடம், ஜேம்ஸ் பிட்மனின் அறிமுகம், எழுத்துக்கூட்டு பற்றி ஒலியியல் அறிஞர் பீட்டர் மெக்கார்த்தியின் குறிப்பு, கையால் எழுதுவது பற்றி எழுத்தை வடிவமைத்த கிங்ஸ்லி ரீடின் ஆலோசனை, பிறகு இரண்டு அட்டவணைகள். ஒன்று படிக்க, மற்றது எழுத. இப்படி இரண்டாகப் பிரித்தது புத்திசாலித்தனம். படிக்கிறவன் வடிவத்திலிருந்து ஒலிக்குப் போகிறான்; எழுதுகிறவன் ஒலியிலிருந்து வடிவத்துக்குப் போகிறான். ஒரே அட்டவணையை இரண்டுக்கும் கொடுத்தால் பாதி நேரம் தேடுவதிலேயே போகும். பிற்காலத்தில் வந்த எத்தனையோ எழுத்துப் பாடங்களில் இந்தச் சின்ன விஷயம் இல்லை.

இல்லாதது எது என்றால் பயிற்சி. எளிய சொல்லில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் பாடம் கிடையாது; அகராதி கிடையாது. காரணம் பணம். ஷா 1950 நவம்பர் 2-ல் இறந்தார். தம் சொத்தில் எஞ்சும் வருமானத்தை 21 ஆண்டுக் காலம் ஒரு புதிய பிரிட்டிஷ் எழுத்துமுறைக்குச் செலவிட வேண்டும், அதில் குறைந்தது 40 எழுத்து இருக்க வேண்டும், இந்த நாடகத்தை அதில் பெயர்த்து அச்சிட்டு நூலகங்களுக்கு இலவசமாக அனுப்ப வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தை வைத்து எழுதிய ‘மை ஃபேர் லேடி’ இசைநாடகம் 1956-ல் மேடையேறியதும் ஷாவின் சொத்துக்குப் பணம் கொட்டியது; உயில் மீதான வழக்கும் சூடு பிடித்தது. எழுத்துக்குப் போகாவிட்டால் அந்தப் பணம் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும், ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட்டுக்கும், அயர்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்துக்கும் சேர வேண்டியது. எழுத்துச் சீர்திருத்தம் சட்டப்படி அறக்கொடை ஆகாது, ஆகவே அந்த அறக்கட்டளை செல்லாது என்று 1957-ல் நீதிபதி ஹார்மன் தீர்ப்பளித்தார். கடைசியில் சமரசமாக எழுத்துக்குக் கிடைத்தது 8,300 பவுண்டு. அதிலிருந்து 500 பவுண்டு பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள். 467 வடிவங்கள் வந்தன. எதுவும் முழுத் திருப்தி தரவில்லை என்று பரிசை நான்கு பேருக்குப் பங்கிட்டுவிட்டு, அவர்களில் ஒருவரான ரீடின் வடிவத்தை அடிப்படையாக வைத்து எழுத்தை முடித்தார்கள். மிஞ்சிய பணத்தில் ஈய எழுத்து வார்த்து ஒரு புத்தகம் போட முடிந்தது, அவ்வளவுதான். அதனால் இந்த ஒரே புத்தகம் அரிச்சுவடியாகவும் அகராதியாகவும் இலக்கியமாகவும் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி எழுத்துகள். மொத்தம் 48. அவற்றில் 24 மெய், 16 உயிர். இந்த 40-தான் அடிப்படை. மீதி எட்டு கூட்டெழுத்து. பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற இரட்டை வரிசை இல்லை. ஆள்பெயர், ஊர்ப்பெயர் வந்தால் முன்னால் ஒரு புள்ளி, நடு உயரத்தில். வாக்கியத் தொடக்கத்தைக் காட்ட எந்தக் குறியும் இல்லை. முந்திய வாக்கியத்தின் முற்றுப்புள்ளியே போதும் என்று விட்டுவிட்டார்கள். தமிழ் படிப்பவருக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. ஆங்கிலத்திலேயே வளர்ந்த கண்ணுக்குத்தான் முதல் சில பக்கம் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வடிவமைப்பின் உச்சம் மெய்யெழுத்து ஜோடிகள். தொண்டை அதிராமல் பிறக்கும் ஒலிகளுக்கு வரிக்கு மேலே எழும் நெட்டை எழுத்து. அதே இடத்தில் தொண்டை அதிர்ந்து பிறக்கும் ஒலிக்கு அதே எழுத்து, அரை வட்டம் சுற்றி, வரிக்குக் கீழே இறங்கி. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ‘பெட்டி’யின் ப, ‘கம்பம்’ என்பதில் வரும் ப-வாக மாறிவிடும். இப்படி எட்டு ஜோடி. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும். பாதியைக் கற்றால் மீதி இலவசம். உயிரெழுத்துகளும் ல, ர, ம, ந ஒலிகளும் குட்டை எழுத்துகள், மேலேயும் போகாது கீழேயும் இறங்காது. இதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் மேடு பள்ளமாக ஒரு உருவரை கிடைக்கிறது. பழகிய கண் எழுத்தெழுத்தாகப் போகாமல் அந்த உருவரையைத்தான் பிடிக்கும்.

இது சின்ன விஷயமில்லை என்று தெரிந்துகொள்ள, அமெரிக்காவில் யூட்டா மார்மன்கள் 1850-களில் உருவாக்கிய டெசரெட் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் 38 எழுத்துகொண்ட ஒலியெழுத்துதான். 1868-ல் பள்ளிப் பாடநூல்கூட அச்சிட்டார்கள். ஆனால் எல்லா எழுத்தும் ஒரே உயரம்; மேலே கொம்பும் இல்லை, கீழே வாலும் இல்லை. பக்கம் முழுவதும் சுவரில் செங்கல் அடுக்கியது போல இருக்கும். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலிக்கு, அழுத்தமில்லாத அந்த மங்கல் அகரத்துக்கு, தனி எழுத்தே இல்லை. ஷேவியன் அந்த இரண்டு தவறையும் செய்யவில்லை.

சுழற்றும் உத்திக்கு ஒரு விலையும் உண்டு. ரோமன் எழுத்தில் பி-யையும் டி-யையும் மாற்றிப் படிக்கும் குழந்தைகள் எத்தனை பேர்! அதே குழப்பத்தை இங்கே எட்டு ஜோடிக்கும் பரப்பிவிட்டார்கள். அச்சில் வரிக்கு மேலா கீழா என்பது தெளிவாகத் தெரிவதால் சமாளிக்கலாம். கோடில்லாத தாளில் கையால் எழுதும்போதுதான் தொல்லை. எழுத்து சற்றே மிதந்தால் ஒலி மாறிப்போகும். கோடு போட்ட தாளிலேயே பழகுவது நல்லது. இன்னொரு குறை, ‘ஹங்’ என்ற பெயருள்ள ங் ஒலியும் ‘ஹாஹா’ என்ற பெயருள்ள ஹ ஒலியும். ங் அதிரும் ஒலி, விதிப்படி கீழே இறங்க வேண்டும், நெட்டையாக நிற்கிறது. ஹ அதிராத ஒலி, மேலே எழ வேண்டும், கீழே தொங்குகிறது. எங்கோ இடம் மாறிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் எதுவானாலும், விதியை நம்பிப் படிக்கிறவர் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். இந்த இரண்டையும் விதிவிலக்கு என்று தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. ப, க, ட ஜோடிகளைத் தமிழில் விளக்குவதே சங்கடம், ஏனென்றால் நம் எழுத்து அந்த வேறுபாட்டை எழுதுவதில்லை. ‘கடல்’, ‘பங்கு’, ‘பகை’ மூன்றிலும் ஒரே க, மூன்று ஒலி. யாரும் தடுமாறுவதில்லை, இடம் பார்த்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. கேட்கும் ஒவ்வொரு ஒலியையும் எழுதுவது வேறு, பொருளை மாற்றும் ஒலியை மட்டும் எழுதுவது வேறு. ஷேவியன் செய்வதும் இரண்டாவதுதான், ஆங்கிலத்தின் கணக்கில். 1886-ல் பாரிஸில் தொடங்கிய சங்கம் உருவாக்கிய சர்வதேச ஒலியெழுத்து முதல் வேலையையும் செய்ய வல்லது. எந்த மொழியின் எந்த ஒலியையும் பதிவு செய்யும் அளவுகோல் அது. அகராதியில் உச்சரிப்பு காட்ட அதுதான் சரி. நாடகம் படிக்க அது வேண்டாம். ஸ்க்ரூ முடுக்க நுண்ணோக்கி எதற்கு?

சிக்கனம் என்பதுதான் ஷாவின் முதன்மையான வாதம். தம் வரைவுகளைப் பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதியவர் அவர். ஒவ்வொரு வீண் எழுத்துக்கும் மை, தாள், உழைப்பு என்று கணக்குப் பார்த்தவர். புத்தகத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ‘தோ’ என்று ஒலிக்கும், ‘இருந்தாலும்’ என்று பொருள் தரும் சொல்லுக்கு ரோமனில் ஆறு எழுத்து, ஷேவியனில் இரண்டு. ‘த்ரூ’ ஏழிலிருந்து மூன்றாகிறது. ‘தாட்’ ஏழிலிருந்து மூன்று. ‘டஃப்’ ஐந்திலிருந்து மூன்று. இந்த நான்கு சொல்லிலும் ரோமனில் ஓ, யூ, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகள் வரிசையாக வருகின்றன, நான்கு விதமாக ஒலிக்கின்றன. ஒருகாலத்தில் அந்த ஜி, எச் தொண்டையில் உரசி ஒலித்தவை. ஒலி தேய்ந்து போனது. கேக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்த எழுத்து மட்டும் நின்றுவிட்டது. நெட்டுயிர்கள் பேச்சில் இடம் பெயர்ந்துகொண்டிருந்த காலத்தில் எழுத்து இறுகியதுதான் ஆங்கிலத்தின் தலையெழுத்து.

எல்லாச் சொல்லும் சுருங்கும் என்று நினைக்க வேண்டாம். எக்ஸ் என்ற ரோமன் எழுத்து ஒன்றே இரண்டு ஒலி தரும். ‘பாக்ஸ்’ ரோமனில் மூன்று எழுத்து, ஷேவியனில் நான்கு. மொத்தத்தில் எதிரெதிர்ப் பக்கங்களைப் பார்த்தால் ஷா எழுத்துப் பக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான இடம் பிடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. தி, ஆஃப், அண்ட், டு ஆகிய நான்கு சொல்லுக்கும் ஒற்றை எழுத்துச் சுருக்கம் வைத்திருப்பது இதில் பெரிய பங்கு வகிக்கிறது.

படிக்கும் முறைக்கு வருவோம். அந்த நான்கு ஒற்றை எழுத்துச் சொல்லில் தொடங்குங்கள். பக்கத்துக்குப் பக்கம் வரும். அடுத்து எட்டு ஜோடி, பிறகு ல-ர, ம-ந, அதன்பின் உயிர். உயிரில் ‘இஃப்’ என்ற பெயருள்ள எழுத்து வெறும் குட்டைக் கோடு, ‘ஓக்’ என்ற பெயருள்ளது வட்டம். இரண்டும் உடனே ஒட்டிக்கொள்ளும். கூட்டெழுத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் ஆறு, உயிரும் ரகரமும் சேர்ந்தவை. மற்ற இரண்டில் ஒன்று ‘யூ’, இன்னொன்று நாடகத்தில் வரும் ‘லவினியா’ என்ற பெயரின் கடைசியில் உள்ள ‘இய’. நாளுக்கு அரைமணி வைத்தால் ஒரு வாரத்தில் தட்டுத் தடுமாறி ஒரு காட்சி படிக்கலாம்.

ஆங்கிலப் பக்கத்தை அட்டையால் மூடிவிட வேண்டும். இரட்டைப் பதிப்பின் பெரிய ஆபத்தே இதுதான். மூடாவிட்டால் கண் தெரிந்த எழுத்துக்கே ஓடும். இருபது பக்கம் புரட்டியபின் பார்த்தால் ஷேவியன் ஒன்றும் ஏறியிருக்காது. வாய்விட்டுப் படிப்பதும் கட்டாயம். எழுத்துக்கூட்டி ஒலித்தபின் காதுதான் சொல்லை அடையாளம் காணும். கண் அந்த நிலைக்கு வர நாளாகும். வசனம் என்பதால் வரிகள் சிறியவை, பேசுபவர் பெயர் திரும்பத் திரும்ப வரும், ஆகவே நாடகம் பயிற்சிக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆங்கிலப் பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘டோன்ட்’, ‘கான்ட்’ போன்ற சொற்களில் மேற்குறியைப் போடாமல் எழுதுவது ஷாவின் பழக்கம். அதனால் ‘வழக்கமான எழுத்து’ என்று நாம் ஒப்பிடும் பக்கமும் கொஞ்சம் சீர்திருத்தியதுதான். அச்சுப்பிழை என்று பென்சிலால் திருத்த வேண்டாம்.

எழுத முயலும்போது இந்தப் புத்தகத்தின் உண்மையான பலவீனம் வெளிவரும். ஒலிக்கிறபடி எழுது என்றால், யார் வாயில் ஒலிக்கிறபடி? உயிலில் ஷா இதற்கும் பதில் வைத்திருந்தார்: மறைந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பதிவான உச்சரிப்பை ஒத்ததாக, சிலசமயம் வட ஆங்கிலம் என்று சொல்லப்படுவதாக இருக்க வேண்டும் என்று. மெக்கார்த்தி செய்தது ஒரு கலவை. ‘பாத்’, ‘லாஸ்ட்’ போன்றவற்றில் தென் இங்கிலாந்தின் நீண்ட ஆ. ஆனால் அதே தென் இங்கிலாந்துக்காரர் விழுங்கிவிடும் ரகரம், ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அமெரிக்காவும் ஒலிக்கும் ரகரம், எழுத்தில் இருக்கிறது. படிப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. எல்லோருக்கும் ஏதோ ஒரு துப்பு கிடைக்கும். எழுதுபவருக்கோ எந்த வாயை நம்புவது என்று தெரியாது. லண்டன்காரர் தம் காதை நம்பி எழுதினால் ரகரம் விடுபடும். அமெரிக்கர் பலருக்கு ‘ஆன்’ உயிரும் ‘ஆ’ உயிரும் ஒன்று, இன்னும் பலருக்கு ‘காட்’டும் ‘காட்’டும் ஒன்று. படுக்கும் கட்டிலையும் பிடிபட்டதையும் குறிக்கும் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் எப்படி ஒன்றாகிவிட்டன பாருங்கள், அப்படித்தான் அவர்கள் வாயிலும். அவர்கள் எந்த எழுத்தைப் போடுவார்கள்? கடைசியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘சரியான’ எழுத்துக்கூட்டை மனப்பாடம் செய்ய வேண்டி வரும். எதிலிருந்து தப்பிக்க இந்த எழுத்து பிறந்ததோ அதே சிறை.

அடிக்கடி தவறும் இடங்கள் சில. அழுத்தம் விழும் அகரத்துக்கு ‘அப்’ என்ற எழுத்து, அழுத்தமில்லாத மங்கல் அகரத்துக்கு ‘அடூ’ என்ற எழுத்து. ரகரத்தோடு சேர்ந்தாலும் அப்படியே: அழுத்தமுள்ள இடத்தில் ‘எர்’, இல்லாத இடத்தில் ‘அரே’. சொல்லின் அழுத்தம் தெரியாமல் இந்த நான்கையும் பிரிக்க முடியாது. தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நமக்கு இதுதான் கடினமான இடம். அகராதி பார்த்தே எழுத வேண்டும். ‘ஹாப்பி’ போன்ற சொல்லின் ஈற்றில் அக்கால உச்சரிப்புப்படி ‘இஃப்’ வரும். இன்றைய காது ‘ஈட்’ எழுத்தை எதிர்பார்க்கும். பன்மைக்கு ரோமனில் எப்போதும் எஸ். இங்கே ‘கேட்ஸ்’ என்பதற்கு அதிராத எழுத்து, ‘டாக்ஸ்’ என்பதற்கு அதிரும் எழுத்து. விரலைத் தொண்டையில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு இழப்பைச் சீர்திருத்தவாதிகள் லேசாகத் தாண்டிப் போவார்கள். ‘ஃபோட்டோகிராஃப்’, ‘ஃபடாக்ரஃபி’ இரண்டும் ஒரே வேர் என்பது ரோமன் எழுத்தில் பார்த்தவுடன் தெரியும். அழுத்தம் நகர்ந்ததும் உயிர்கள் எல்லாம் மாறுவதால் ஷேவியனில் அந்த உறவு மறைகிறது. ஒலியில் ஒன்றான சொற்கள் எழுத்திலும் ஒன்றாகிவிடுகின்றன: ‘எழுது’, ‘சரி’, ‘சடங்கு’ மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களும் ‘ரைட்’ என்ற ஒரே வடிவம். வசனத்தில் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், பேச்சில் புரிவது போலவே. பெயர்ப்பட்டியலிலும் தலைப்புகளிலும் அந்த உதவி இருக்காது.

மாற்றுகள் உண்டா? உண்டு, ஆனால் வேறு வேறு வேலைக்கு. எழுத்தை மாற்றாமல் எழுத்துக்கூட்டை மட்டும் சீராக்கும் வழியை அமெரிக்காவில் 1906-ல் கார்னகி பணத்தில் தொடங்கிய வாரியம் பிடித்தது. அந்த ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 300 சொற்களை அரசு அச்சகத்தில் புகுத்தப் பார்த்தார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. பாதி திருத்திய எழுத்து, எழுதத் தெரியாதவன் எழுதியது போலவே தோன்றும் என்பதுதான் அந்த வழியின் சாபம். ஷா முற்றிலும் புதிய எழுத்து கேட்டதற்கும் அதுவே காரணம். தெரியாத வடிவத்தைப் பார்த்து யாரும் ‘பிழை’ என்று சிரிக்க முடியாது.

இந்தப் புத்தகத்துக்கு அறிமுகம் எழுதிய ஜேம்ஸ் பிட்மன், சுருக்கெழுத்தை உருவாக்கிய ஐசக் பிட்மனின் பேரன். அதே ஆண்டுகளில் அவர் பிரிட்டிஷ் தொடக்கப் பள்ளிகளில் சோதித்துக்கொண்டிருந்தது வேறு எழுத்து: 44 வடிவம் கொண்ட தொடக்கக் கற்பித்தல் எழுத்து, 1961 முதல். அதன் வடிவங்களின் மேல்பாதி ரோமனை ஒத்திருக்கும்படி அமைத்தார்; ஒரே ஒலிக்குச் சி, கே இரண்டையும் வைத்துக்கொண்டார். ஒலியெழுத்தாகப் பார்த்தால் இது சமரசம். பிள்ளைகள் பிறகு ரோமனுக்குத் திரும்ப வேண்டுமே என்று யோசித்துச் செய்த சமரசம். பிள்ளைகள் சீக்கிரம் படிக்கத் தொடங்கினார்கள். திரும்பிப் போகும் கட்டத்தில்தான் பலருக்கு எழுத்துக்கூட்டு சிக்கலானது. ஷேவியன் திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதனால் அது சுத்தமாக இருக்கிறது, அதனால்தான் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. கையெழுத்தில் ஆர்வமுள்ளவர்கள் ரீட் 1966-ல் திருத்தி வெளியிட்ட குவிக்ஸ்கிரிப்டைப் பார்க்கலாம். சேர்த்து எழுத அது வசதி, ஆனால் இந்தப் புத்தகத்தின் அட்டவணை அதற்குப் பயன்படாது.

பேச்சோடு பேச்சாக ஒன்று. ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கலாம் என்ற கேலியை ஷாவின் தலையில் கட்டுவார்கள். 1855-ல் எழுதிய ஒரு கடிதத்திலேயே அது இருக்கிறது. ஷா பிறந்தது 1856. கேலியும் சரியில்லை: ஜி, எச் சொல்லின் தொடக்கத்தில் ஃப் என்று எங்கும் ஒலிப்பதில்லை.

கணினியில் தொடர நினைப்பவருக்கு: 2003-ல் வந்த யூனிகோடு 4.0-ல் 48 எழுத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது. நோட்டோ சான்ஸ் ஷேவியன் என்ற இலவச எழுத்துரு போதும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். கேள்விக்குறியாக மாறினாலோ வரி பாதியில் அறுந்தாலோ கோளாறு வேறு இடத்தில். இந்த எழுத்துகள் யூனிகோடின் துணைத் தளத்தில் இருக்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் எழுத்துக்கு நான்கு பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யூடிஎஃப்8’ வகை மூன்று பைட்டோடு நின்றுவிடும். அதன் ‘எம்பி4’ வகைக்கு மாற்ற வேண்டும். எழுத்து எண்ணும் சில நிரல்கள் ஒன்றை இரண்டாக எண்ணும். ரோமன் எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் ஷாவின் சிக்கனக் கணக்கு இங்கே குப்புற விழுகிறது: ஆறு பைட்டில் அடங்கிய ‘தோ’ என்ற சொல், இரண்டே எழுத்தாகச் சுருங்கியும் எட்டு பைட் கேட்கும்.

பழைய பிரதி வாங்கும்போது முகப்பைவிட அட்டவணைகளைக் கவனியுங்கள். அடிக்கடி பார்க்க வேண்டிய பகுதி என்பதால் முன்பு வைத்திருந்தவர் கிழித்து எடுத்திருக்கலாம். பேப்பர்பேக்கின் முதுகுப் பசை இத்தனை ஆண்டில் காய்ந்திருக்கும். அட்டை வைத்து மூடிப் படிக்கும் முறைக்குப் புத்தகத்தை அகல விரிக்க வேண்டும், அப்போது தாள்கள் கழன்று வரும். முதலிலேயே அட்டவணைகளை ஒளிநகல் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அட்டவணை இல்லாத பிரதி மலிவாகக் கிடைத்தாலும் விட வேண்டாம். ஒற்றை எழுத்துச் சொற்கள் நான்கையும் எதிர்ப்பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் முதல் நான்கு எழுத்து கிடைத்துவிடும். பிறகு நடுப்புள்ளி போட்ட பெயர்களைத் தேடுங்கள். ‘லவினியா’, ‘ஃபெரோவியஸ்’ இரண்டும் சேர்ந்தால் பத்துக்கு மேல் எழுத்து. இரண்டிலும் பொதுவாக வருகிற அந்த ‘இய’ கூட்டெழுத்து உட்பட. ஒரு மாலைப் பொழுதில் பெரும்பகுதி அட்டவணை உங்கள் கையாலேயே உருவாகிவிடும்.